கமராவுக்குக் கொடுத்த கண்

லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் எங்கள் போன் திருத்துகிற கடைக்கு நல்ல பெயர். ஆனந்தண்ணையிடம் கொடுத்தால் செத்த போனும் எழும்பும் என்று சனம் சொல்லும். ஆனந்தண்ணை என்றால் என் மனிசன், ஆனந்தராஜா. போனை எழுப்புகிறது நான், சிவமலர். கடைக்கு முன்பக்கம் இவர் நின்று கதைப்பார், பலகைத் தடுப்புக்குப் பின்னால் நான் இருந்து ஈயம் ஒட்டுவேன். இப்படியே பல வருஷம் ஓடியது.

நான் இந்தத் தொழிலைக் குறொய்டன் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் படித்தேன். மின்சாமான்களுக்குள் இருக்கிற சுற்றுப் பலகையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துகிற வேலை. அப்போது இவர் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். கடை போடலாம் என்று சொன்னது நான். பெயர்ப் பலகையில் தன் பெயரைப் போட்டது இவர். அதைப் பற்றி நான் அன்றைக்கு ஒன்றும் நினைக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது. யாராவது வாடிக்கையாளர் என்னைப் பார்த்து நல்ல வேலை அக்கா என்று சொன்னால்கூட, "இவர்தான் பாத்தவர்" என்று நானே சொல்லுவேன். ஆக்களுக்கு முன்னால் மனிசனை விட்டுக்கொடுக்கக் கூடாது. இதை எங்களுக்கு ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தின பிறகு நான் இவரைக் கிழிக்கிற கிழி வேறு. அது அயலுக்குக் கேட்காது.

பிறகு எனக்கு வெள்ளெழுத்து வந்தது. வயது ஐம்பதைத் தொட்டால் வராதா? போனுக்குள் இருக்கிற சாமான்கள் ரவைக் குறுணி அளவு, சிலது அதிலும் பாதி. முதலில் தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி ஒன்று போட்டுப் பார்த்தேன். அதில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் மூக்கு பலகையில் முட்டுகிற அளவுக்குக் குனிய வேண்டும். ஈயப் புகை முழுக்க மூக்குக்குள். பின்னேரம் கழுத்து நிமிராது. பிறகு வட்ட லைட் வைத்த பெரிய கண்ணாடி ஒன்று, மேசையில் பூட்டுகிறது. வயர் ஒட்ட அது நல்லது, சிப்புக்கு உதவாது. பேனை மாதிரி ஒரு கமராவைக் கொம்பியூட்டரில் செருகி, திரையைப் பார்த்து வேலை செய்யலாம் என்று இவர் ஒன்றைக் கொண்டுவந்தார். என்ன கோதாரி அது. கை போய்ச் சேர்ந்த பிறகுதான் படம் வந்து சேரும். பழைய பலகைகள் சிலதைக் கருக்கிவிட்டு அதைத் தூக்கி அலுமாரிக்கு மேல் போட்டேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் பெரியவர்கள் பாவித்த மைக்ரோஸ்கோப், பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டி என்று படித்தோமே, அதில் இரண்டு கண்ணாலும் பார்க்கிற வகை. பெட்டியில் ஆயிரம் மடங்கு பெருக்கும் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறவன் விசரன். எங்கள் வேலைக்குப் பத்து மடங்கு, கூடினால் இருபது. அதற்கு மேல் போனால் சிப்பின் ஒரு கால்தான் தெரியும், நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியாது. கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் கையும் சூட்டுக்கோலும் போக இடம் வேண்டும், அதற்கென்று கீழே பூட்டுகிற, பெருக்கத்தைப் பாதியாக்குகிற கண்ணாடி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம் இரண்டு கண். கத்தி முனை பலகையைத் தொட்டுவிட்டதா, அல்லது இன்னும் மேலே நிற்கிறதா என்பதை ஒரு கண் சொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆழம் தெரியும்.

இதையெல்லாம் இவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கமரா பூட்டுகிற மூன்றாவது குழாய் உள்ளதாகத்தான் வாங்க வேண்டும் என்று இவர் நின்றார், கடையில் ரீவி ஒன்றில் வேலை நடக்கிறதைக் காட்டினால் சனம் வருமாம். சரி, வாங்குங்கோ, ஆனால் கமரா ஓடும்போதும் இரண்டு கண்ணும் திறந்திருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கோ என்றேன். ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கொண்டுவந்தது மற்ற வகை. பக்கத்தில் ஒரு கம்பி இருந்தது. அதை உள்ளே தள்ளினால் இரண்டு கண்ணுக்கும் படம் வரும், கமரா இருட்டு. வெளியே இழுத்தால் கமராவுக்குப் படம் போகும், இடது கண் இருட்டு. அந்த இடது கண்ணின் வெளிச்சத்தை எடுத்துத்தான் கமராவுக்குக் கொடுக்கிறது. நான் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, இது என் கண்ணை அடைக்கிறது என்றேன். இவர் குனிந்து பார்த்தார்.

"ஒரு கண் காணும்தானே மலர். துவக்கால சுடுறவன் ஒரு கண்ணாலதானே பாக்கிறான்" என்றார்.

சுடுகிறவனுக்கு எதிரில் நிற்கிறவன் செத்தால் சரி, எனக்கு இது உயிர் வர வேண்டும் என்று நானும் விடாமல் சொன்னேன். திருப்பிக் கொடுங்கோ என்றேன். அதற்குத்தான் ஏலாதாம். விற்றவர் எங்கள் ஆள், ஒரே ஊர், கலியாண வீட்டில் எதிர்ப்பட்டால் முகத்தில் முழிக்க வேண்டுமாம். முன்பின் தெரியாத கடையில் வாங்கியிருந்தால் அடுத்த நாளே திருப்பியிருக்கலாம். எங்கள் ஆளிடம் வாங்கினால் அது குறைப் பிள்ளை மாதிரி, வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். சார்ஜ் செருகுகிற இடம் மாற்றுவது போன்ற லேசான வேலைக்குக் கம்பி வெளியே, இவர் வீடியோ எடுக்கலாம். சிப் தூக்குகிற வேலைக்குக் கம்பி உள்ளே, இவர் வெளியே. கொஞ்ச நாள் அப்படி நடந்தது. பிறகு இவருடைய சானல் வளர்ந்துவிட்டது.

சானலுக்குப் பெயர் "ஆனந்தண்ணையின்ர கை". சிரிக்காதீர்கள். திரையில் தெரிகிறது என் கை. கறுப்புக் கையுறை போடச் சொன்னார், போட்டேன். கையுறைக்கு மேலாகக் காப்பு மினுங்குகிறதாம், கழற்றச் சொன்னார். மனிசன் உயிரோடு இருக்கும்போதே அவனுக்காகக் காப்புக் கழற்றின முதல் பொம்பிளை நான்தான் என்று சொன்னேன். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கூட்டாளிகளிடம் தான் சொன்ன பகிடி மாதிரி அதைச் சொன்னார். வீடியோவில் இவருடைய குரல் ஓடும். இப்ப நான் இந்தச் சிப்பைத் தூக்கிறன் பாருங்கோ, இப்ப நான் மூச்சை அடக்கிறன். மூச்சை அடக்கினது நான். விம்பிள்டன் கோயிலில் ஒரு மனுசி இவருடைய விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. ஒரு சங்கத்துக்காரர் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, நுண்விரல் வேந்தர் என்று பட்டமும் கொடுத்தார்கள். நானும் கீழே இருந்து கை தட்டினேன்.

வேந்தர் ஆன பிறகு எந்த வேலைக்கும் கம்பி வெளியேதான். எனக்கும் ஒரு கண்ணால் செய்கிற பழக்கம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, பத்து வேலையில் ஒன்பது பிழையாய்ப் போகாது. பிழையாய்ப் போன பத்தாவதைக் கழித்துவிட்டு மற்றதைச் சனத்துக்குக் காட்டலாம். நான் கத்துவேன், இவர் சிரிப்பார், அதோடு போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் றூபினி வந்தாள்.

லண்டனின் மற்றக் கோடியில், செவன் கிங்ஸில் இருந்து இரண்டு ரயிலும் ஒரு ட்ராமும் பிடித்து வந்த பிள்ளை. போனை அரிசிப் பைக்குள் புதைத்துக் கொண்டுவந்திருந்தாள். அரிசிக்குள் வைத்தால் ஈரம் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், நாசமாய்ப் போன கதை, சார்ஜ் செருகுகிற துளைக்குள் குறுணி போய் இறுகிக் கிடந்தது. சொந்த இடம் முல்லைத்தீவுப் பக்கம். இங்கே அகதி வழக்கு முதல் தரம் விழுந்து, இப்போது மேன்முறையீடு. இவளைத் தேடி ஊரில் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். கதவை உடைத்த படமும், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று தாய் அழுது சொன்ன குரல் செய்திகளும் இந்தப் போனுக்குள். தாயின் போனை அதே ஆட்கள் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு எங்கேயும் பிரதி இல்லை. வக்கீலுக்கு அனுப்ப முதல், வேலை செய்கிற இடத்தில் கழுவுகிற தொட்டிக்குள் போன் விழுந்துவிட்டது. வழக்குக்கு அடுத்த மாதம் தவணை.

மற்றக் கடைகளில் ஏலாது என்று சொல்லிவிட்டார்களாம். சானலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். போனைக் கையை விட்டுக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டாள். வேறு நாள் என்றால் இவர் விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு உள்ளே கூட்டிவந்து எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். முகம் தெரியாமல் நிழலாக எடுக்கிறேன் தங்கச்சி, உங்கட கஷ்டத்தை உலகம் பார்க்கட்டும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலை ஆட்டினாள். பின்னால் இருக்கிற மனுசிதான் வேலை செய்கிறவள் என்று முதன்முதலாகக் கண்ட வாடிக்கைக்காரி அவள்தான். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

திறந்து பார்த்தேன், இரண்டு கண்ணாலும். தண்ணீர் அரித்த இடம் தெரிந்தது. கரண்ட் பிரித்துக் கொடுக்கிற சிப் போய்விட்டது, அதைத் தூக்கி வேறு ஒன்று வைத்தால் போன் ஒரு தரமாவது எழும்பும். ஒரு தரம் எழும்பினால் போதும், செய்திகளை எடுத்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் அதற்குப் பக்கத்தில், ஒரு நூல் இடைவெளியில், போனின் மூளைச் சிப் இருக்கிறது. இரண்டையும் சுற்றிக் கறுப்புப் பசை. அந்தப் பசையைச் சூடாக்கி, மெல்லிய கத்தியால் கீறி எடுக்க வேண்டும். மூளையில் கத்தி பட்டால் உள்ளே இருக்கிற எதையும் கடவுளாலும் எடுக்க முடியாது, அது இல்லாமல் செய்திகள் பூட்டுத் திறக்காது. நான் றூபினியைப் பார்த்து, செய்யலாம் பிள்ளை என்றேன். செய்திருப்பேன். இதை நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

சூட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டு கத்தியை எடுத்தபோது இவர் வந்து கம்பியை வெளியே இழுத்தார். இடது கண் இருண்டது. நான் நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். இவருக்கு விளங்கியது, விளங்காத மாதிரி நின்றார். நான் கம்பியை உள்ளே தள்ளினேன். இவர் சிரித்துக்கொண்டு திரும்ப இழுத்தார். நான் திரும்பத் தள்ளினேன். இவர் இழுத்தார், என் தோளில் லேசாகத் தட்டவும் செய்தார்.

பக்கத்தில் இருந்த றூபினிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததில் இருந்து முதல் தரம் அந்தப் பிள்ளையின் முகம் கொஞ்சம் இளகியது. புருஷனும் பெண்சாதியும் விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

வீடாக இருந்தால் அந்தக் கமராவைப் பிடுங்கி இவருடைய தலையில் போட்டிருப்பேன். அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு முன்னால், அதுவும் இவரை நம்பி வந்த பிள்ளைக்கு முன்னால், இந்த மனிசனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று எப்படிச் சொல்லுவது? வாயை மூடிக்கொண்டு கண்ணாடியில் கண்ணை வைத்தேன்.

பசை முக்கால்வாசி வந்துவிட்டது. இவர் பின்னால் நின்று கதைத்துக்கொண்டே இருந்தார். கத்தி பலகைக்கு மேலே நிற்கிறது என்று என் வலது கண் சொன்னது. அது மேலே நிற்கவில்லை. பக்கவாட்டில் நகர்த்தினேன், மூளைச் சிப்பின் ஓரத்தில் இருந்து ஒரு பொட்டுத் தெறித்தது. சத்தம் ஒன்றும் இல்லை. தூசி அளவு, வெள்ளையாக. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, இப்ப நான் கடைசிப் பக்கத்துக்கு வாறன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தேன்.

நான்தான் அவளிடம் சொன்னேன். சிப் உடைந்துவிட்டது, இனி ஒருவராலும் ஏலாது என்றேன். அவள் வேறு நாட்டுக்கு அனுப்பினாலும் ஏலாதா என்று கேட்டாள். ஏலாது என்றேன். போனைப் பொறுக்கி அதே அரிசிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினாள். நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் நடந்ததை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. கண்ணை அடைத்துவிட்டு வேலை செய்யச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம் என்று இவர் சொன்னார். என் கையில் சோறு தின்று, என் கையைக் காட்டிப் பொன்னாடை வாங்கின மனிசன் சொன்ன வார்த்தை. அதற்குப் பிறகு நான் இவரோடு கதைக்கவில்லை, கடைக்கு மட்டும் போய் வந்தேன்.

தவணை நெருங்கும்போது றூபினியின் வக்கீல் கடைக்குப் போன் எடுத்தாள். டயனா என்று பெயர், இங்கே பிறந்த எங்கட பிள்ளை, இங்கிலிஷும் தமிழும் கலந்து கதைப்பாள். அன்ரி, போனைத் திருத்திவிட்டீர்கள் என்றால் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. பிறகு அவளே வீடியோவை அனுப்பினாள்.

"அகதித் தங்கையின் கண்ணீரைத் துடைத்த ஆனந்தண்ணை" என்று தலைப்பு. முதல் பாதியில் றூபினியின் நிழல், அவளுடைய குரல், ஊர், வீட்டுக்கு ஆட்கள் வந்த கதை, என் கை, அவளுடைய போன். அடுத்த பாதியில் என் கைதான், போன் வேறு. அதே வகைப் போன், வேறொருவருடையது, முந்தின கிழமை நான் எழுப்பினது. அது பளிச்சென்று எழும்புகிறது. அம்மாவின்ர குரல் எல்லாம் திரும்ப வந்திட்டுது தங்கச்சி என்று இவருடைய குரல் தழுதழுக்கிறது. கீழே சனம் வாழ்த்துக்கு மேல் வாழ்த்து, தெய்வம் அண்ணை நீங்கள் என்று.

அதை எதிர்த்தரப்பான அரசாங்கத்தின் வக்கீல் கையில் எடுத்துவிட்டார். செய்திகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டது என்று கடைக்காரரே சொல்கிறார், அப்படியானால் அவற்றை ஏன் றூபினி நீதிமன்றத்துக்குக் கொடுக்காமல் போன் பழுது என்று சொல்கிறாள், செய்திகள் இவளுக்கு எதிராக இருக்கின்றனவா, அல்லது தொடக்கத்திலேயே இல்லையா என்பது அவருடைய கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

உடைந்த சிப்பைக் காட்டலாமே என்று டயனாவிடம் கேட்டேன். உடைந்திருக்கிறது என்று நிபுணர் சொல்லுவார், எப்போது உடைந்தது என்று சொல்ல மாட்டார், வீடியோவுக்குப் பிறகு நீங்களே உடைத்தீர்கள் என்பார்கள் என்றாள். பிறகு அவளுக்கு ஒன்று யோசனை வந்தது. வெட்டி ஒட்ட முதல் எடுத்த முழு வீடியோ இருக்கும்தானே, அதில் உடைகிற இடம் நேரத்தோடு பதிந்திருக்கும்தானே, அது கிடைத்தால் நீதிபதிக்கு முன்னால் வைக்கலாம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அந்தக் கமரா ஒரு நல்ல காரியத்துக்காவது உதவப் போகிறது என்று போனை வைத்துவிட்டு முன்பக்கம் ஓடினேன். பல நாளைக்குப் பிறகு நானாக இவரோடு கதைத்தேன்.

இவர் தடுப்புக்கு மற்றப் பக்கத்தில் நின்று நான் டயனாவோடு கதைத்ததைப் பாதி கேட்டிருக்கிறார். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார், முகம் தெளிவாக இருந்தது. "வழக்கு, பிரச்சினை எண்டு கேட்டுது. எல்லாத்தையும் அழிச்சிட்டன். வீடியோவும் இல்லை, எடுத்ததும் இல்லை. இனி ஒருத்தனும் ஒண்டும் செய்யேலாது" என்றார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், இந்த மனிசன் சூரியனையே அவித்துவிட்டு நின்றார். ஏன் அப்படிப் பொய்யாக வெட்டி ஒட்டினீர்கள் என்று கேட்டேன். பிழையாய்ப் போன வேலையை யார் பார்ப்பான், அந்தப் பிள்ளைக்கும் சனத்தின் அனுதாபம் கிடைக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றார். அதை இவர் நம்பித்தான் சொன்னார்.

டயனா என்னையும் இவரையும் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லக் கேட்டாள். வீடியோ பொய் என்று இவர் வாயால் ஒரு சொல் சொன்னால் போதும். இவர் மாட்டேன் என்றார். கடை போய்விடுமாம், சங்கத்துக்காரர் என்ன நினைப்பார்களாம், போர்த்தின பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்களாம். நீ வேண்டும் என்றால் போய்ச் சொல்லு, என்னை இழுக்காதே என்றார். உங்களை இழுக்காமல் இதில் எதைச் சொல்லுவது என்று கேட்டுவிட்டு, நான் தனியாகப் போனேன். காப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையான மனுசன். குரலை உயர்த்தவே இல்லை. என் மனிசன் கம்பியை இழுத்து என் கண்ணை அடைத்தது, சிப் உடைந்தது எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னேன், மொழிபெயர்க்கிறவர் இங்கிலிஷில் சொன்னார். வீடியோவில் தெரிகிற கை யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். நான் தூக்கிறேன், நான் ஒட்டுகிறேன் என்று சொல்கிற குரல் யாருடையது என்றார். என் மனிசனுடையது என்றேன். அப்படியானால் உங்கள் கணவர் பொய் சொல்கிறாரா என்றார். அந்த அறையில் நீதிபதி, வக்கீல்மார், றூபினி, பின்னால் முகம் தெரியாத சனம் சிலர் இருந்தார்கள்.

"ஓம். பொய்தான் சொல்லுறார்" என்றேன்.

அந்த வக்கீல் வேறு ஒரு தாளைப் பார்த்தார். எங்கள் கடையைப் பற்றி வாடிக்கைக்காரர் எழுதினதுகளை எடுத்து வைத்திருந்தார். வேலையைச் செய்தது தன் கணவர்தான் என்று கடைக்காரரின் மனைவியே சொன்னா, எவ்வளவு பணிவான குடும்பம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதே மாதிரி இன்னும் சிலர். அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று அவர் கேட்டார். அப்போது சொன்னது என்றேன். ஏன் சொன்னீர்கள் என்றார். அது எங்கட வழக்கம் என்றேன். மொழிபெயர்க்கிறவர் கொஞ்சம் தயங்கி, பிறகு ஏதோ ஒரு சொல்லைப் போட்டார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு நாலு பேருக்கு முன்னால் என் கை என்று சொல்லிவிட்டேன். யாரோ பெற்ற பிள்ளையின் உயிர் போகிற வழக்கில் எனக்கு லேசாக இருந்ததே என்று பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

நடந்ததை இவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். இரண்டு நாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, இனி உன்ர பேரிலேயே சானலைப் போடுவம், பொம்பிளை செய்யிறா எண்டா இன்னும் கூடச் சனம் பாக்கும் என்றார். பிஸ்கட் ரின்னைத் தூக்கி எறிந்தேன். குறி தப்பிவிட்டது.

தீர்ப்பு சில கிழமையில் வந்தது. டயனா எனக்கும் போன் எடுத்துச் சொன்னாள். அன்ரி, நீதிபதி உங்களை நம்பியிருக்கிறார் என்றாள். நான் உண்மை சொல்கிறேன் என்றும், போன் அன்றைக்கே உடைந்துவிட்டது என்றும், வீடியோ பொய் என்றும் எழுதியிருக்கிறாராம். நான் கடவுளே என்று கதிரையில் இருந்தேன். அவள் மேலே சொன்னாள். போனுக்குள் என்ன இருந்தது என்று அறிய வழி இல்லை, அது உடைந்ததாலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது, மற்ற ஆதாரம் போதாது. வழக்கு விழுந்துவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்று சொன்னாள், சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்ன மாதிரி இருந்தது.

றூபினி என்னைப் பார்க்க வந்தாள். கடைக்கு உள்ளே வரவில்லை, வாசலில் நின்று கூப்பிட்டாள். இவர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கொம்பியூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவளோடு ட்ராம் நிற்கிற இடம் வரை நடந்தேன். வந்து சாட்சி சொன்னதற்கு நன்றி சொன்னாள். தாயோடு கதைத்தாயா என்று கேட்டேன். கதைத்தேன், தீர்ப்பைச் சொல்லவில்லை என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் அந்தக் கம்பியைத் தள்ளத் தள்ள அண்ணை இழுத்தவர். நான் பகிடி விடுறியள் எண்டு நினைச்சுச் சிரிச்சனான். கோர்ட்டில நீங்கள் சொல்லேக்கதான் எனக்கு விளங்கினது. ஏன் அக்கா அண்டைக்கே சொல்லேல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, இவருடைய குணம், கடை, இத்தனை வருஷக் குடும்பம். வாயில் வந்தது உண்மை.

"நீ பக்கத்தில இருந்தனியெல்லே பிள்ளை" என்றேன். "பிற ஆக்களுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

அவள் நின்றுவிட்டாள்.

"அது என்ர போன் அக்கா" என்றாள்.